சக்களத்தி கொண்டுவந்த சீனக்கட்டை

என் சக்களத்தி பினாங்கிலிருந்து மேலப்பாளையத்துக்கு வந்து இறங்கியபோது கார்த்திகை மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. வண்டிக்காரன் இரண்டு தகரப்பெட்டிகளை இறக்கி நடையில் வைத்தான். மூன்றாவதாக ஒரு சின்ன மரப்பெட்டி இருந்தது. அதை மட்டும் அவள் அவனைத் தொடவிடவில்லை. முந்தானைக்குள் அணைத்துப் பிடித்துக்கொண்டு, நனைந்தபடியே இறங்கினாள். நகைப்பெட்டி என்று நினைத்தேன். எனக்குச் செய்து போடாததையெல்லாம் என் மாப்பிள்ளை, அதாவது புருஷன், இவளுக்குச் செய்து போட்டிருக்கிறார் என்று வயிறு எரிந்தது.

ஐரோப்பாவில் சண்டை தொடங்கியிருந்த வருஷம் அது. ஒரு ஜெர்மன் கப்பல் பினாங்குத் துறைமுகத்துக்குள்ளேயே வந்து குண்டு போட்டுவிட்டுப் போய்விட்டது. அங்கே ஜவுளிக்கடை வைத்திருந்த என் மாப்பிள்ளை பயந்துபோய், தெரிந்த குடும்பம் ஒன்றோடு அவளை நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏற்றி, அங்கிருந்து ரயிலில் இங்கே அனுப்பிவிட்டார். கடையை விட்டு அவரால் கிளம்ப முடியவில்லையாம். அவள் கையில் ஒரு கடிதம் இருந்தது. அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத் தமிழ் எங்கள் பெண்களுக்கெல்லாம் தெரியும். அதில்தான் எழுதியிருந்தார். நானே படித்தேன். "சண்டை ஓயும் மட்டும் இவளை உன்னோடு வைத்துக்கொள். உன் குணம் எனக்குத் தெரியும்" என்று இருந்தது. என் குணம் அவருக்குக் கொஞ்சமும் தெரியாது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அங்கே அவர் இன்னொரு நிக்காஹ் செய்திருக்கிறார் என்பது மூன்று வருஷமாகத் தெருவுக்கே தெரியும். எனக்கும் தெரியும். யாரும் என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை, நானும் யாரிடமும் கேட்கவில்லை. ஆனால் தெரிந்திருப்பது வேறு, அந்தப் பெண் முற்றத்தில் வந்து ஈரப்புடவையோடு நிற்பது வேறு.

வீட்டில் அப்போது நானும் என் மைனியும்தான். மைனி என் மாப்பிள்ளையின் அக்கா. கணவர் மௌத்தான பிறகு எங்களோடு வந்து இருந்தார். என் ஒரே மகளைப் பேட்டையில் கட்டிக்கொடுத்திருந்தேன். மைனி அதிகம் பேசமாட்டார். அன்றைக்கும் இரண்டே வார்த்தைதான் சொன்னார்.

"வந்தவளுக்கு மொதல்ல சோத்தை வையி. மத்ததப் பொறவு பாக்கலாம்."

அவளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். எனக்கு முப்பத்து மூன்று. அவளுடைய வாப்பா நாகூர்ப் பக்கத்துக்காரர். உம்மா கலிமா சொல்லி இஸ்லாத்துக்கு வந்த சீனப் பெண். தமிழ் பேசுவாள், ஆனால் வார்த்தைகள் இடம் மாறி வந்து விழும். என்னை லாத்தா என்று கூப்பிட்டாள், அதாவது அக்கா. நான் அவளைக் கூப்பிடவே இல்லை. ஏதாவது வேலை சொல்ல வேண்டுமென்றால் "இந்தா" என்பேன். நெல் குத்தச் சொன்னால் குத்தினாள். கொல்லையில் விறகு நனைந்து கிடந்தால் சொல்லாமலே எடுத்து அடுக்கினாள். ஒரு தடவையாவது முகம் சுளித்தால் ஒரு வார்த்தை சொல்லலாமே என்று காத்திருந்தேன். சுளிக்கவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஒருநாள் மத்தியான லுஹர் தொழுதுவிட்டு வந்தேன். அவளுக்கு விட்டிருந்த பின்கட்டு அறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கல் தரையில் ஒரு மரக்கால் புளியங்கொட்டையைக் கொட்டிக் கையால் அளைவது போன்ற சத்தம். கதவு ஒருக்களித்திருந்தது. எட்டிப் பார்த்தேன்.

அந்த மரப்பெட்டி திறந்து கிடந்தது. நகை ஒன்றும் இல்லை. தீப்பெட்டியை விடச் சின்னதாக, முன்பக்கம் எலும்பும் பின்பக்கம் மூங்கிலுமாய் இழைத்த கட்டைகள் நூறுக்கு மேல் இருந்தன. அவற்றைச் சுவர் மாதிரி நான்கு பக்கமும் அடுக்கியிருந்தாள். கொஞ்சம் கட்டைகளை முன்னால் நிறுத்தி வைத்துக்கொண்டு ஒரு பக்கம் உட்கார்ந்து யோசித்தாள். ஒன்றை எடுத்தாள், ஒன்றை நடுவில் போட்டாள். பிறகு எழுந்து அடுத்த பக்கம் போய் உட்கார்ந்தாள். அங்கேயும் அப்படியே. நான்கு பக்கமும் மாறி மாறி அவளே உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பக்கம் உட்காரும்போதும் மற்ற மூன்று கையிலும் என்ன இருக்கிறது என்று தெரியாதவள் மாதிரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டாள்.

எனக்குப் பின்னாலேயே மைனி வந்து நின்றது தெரியவில்லை. "அது என்னட்டி அது?" என்று மைனி கேட்டதும் அவள் பதறிப்போய்க் கட்டைகளைப் பெட்டிக்குள் அள்ளினாள்.

"சீன ஆட்டம். உம்மா வீட்டுல எல்லாரும் ஆடுவாங்க. நாலு பேரு வேணும். இங்க நான் ஒரு ஆள்தான்."

"சூதா?"

"பந்தயம் வச்சா சூது. வைக்காட்டி வெறும் ஆட்டம்."

மைனி உள்ளே போய் உட்கார்ந்து, ஒரு கட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு நம்ப முடியவில்லை. தொழுகை, அடுப்படி, சாவிக்கொத்து, இந்த மூன்றைத் தவிர மைனி எதன்மேலும் கவனம் வைத்து நான் பார்த்ததில்லை. மறுநாள் பள்ளிவாசல் லெப்பை வீட்டுக்குப் போய் லெப்பையின் பெண்டாட்டி மூலமாகக் கேட்டுக்கொண்டு வந்தார். பந்தயம் இல்லை, தொழுகை தப்பவில்லை என்றால் அவர் ஒன்றும் சொல்வதற்கில்லை, ஆனால் தெருவுக்குச் சத்தம் கேட்கக் கூடாது என்று பதில் வந்தது. சத்தத்துக்குப் பஞ்சமா எங்கள் தெருவில்? தறி இல்லாத வீடு எங்கள் வீட்டையும் சேர்த்து இரண்டோ மூன்றோதான். வெள்ளிக்கிழமைதான் தறி நிற்கும். ஆகவே வெள்ளிக்கிழமை கிடையாது, மற்ற நாளில் லுஹருக்கும் சாயங்கால அஸருக்கும் நடுவே மட்டும் என்று மைனி முடிவு செய்தார்.

அடுத்த வீட்டுத் தறிக்காரர் பெண்டாட்டி கொல்லை வாசல் வழியாக எங்கள் வீட்டுக்கு வந்து போகிறவள். பத்தமடையில் பிறந்தவள். அங்கே கல்யாணத்துக்கு முந்தி கோரையை நூல் போலக் கீறிப் பாய் முடைந்தவள். ஆட்டத்துக்கு என்று நல்ல பாய் ஒன்றை அவளே கொண்டுவந்து மடித்து விரித்தாள். மைனி, பத்தமடைக்காரி, பினாங்குக்காரி என்று மூன்று பேர் ஆயிற்று. நான்காவது பக்கம் காலியாக இருந்தது. என்னைக் கூப்பிட்டார்கள். வேலை இருக்கிறது என்றேன்.

ஒரு வாரம் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்து அரிசி புடைத்தேன். புடைத்த அரிசியையே மறுபடி புடைத்தேன். சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. காலிப் பக்கத்தையும் பினாங்குக்காரியே ஆடினாள். ஒருநாள் பத்தமடைக்காரி, "அவுகளை ஒருக்காக் கூப்பிட்டுப் பாரேன்" என்றாள். அதற்கு அவள் குரலைத் தணித்து, "வேண்டாம், விடுங்க. லாத்தாவுக்குக் கஷ்டமா இருக்கும்" என்றாள்.

அவள் எந்த அர்த்தத்தில் சொன்னாளோ, எனக்குத் தெரியாது. எனக்கா கஷ்டம்? ஏழு வயதில் குர்ஆனை முடித்தவள் நான். முறத்தைக் கீழே வைத்தேன். நேரே போய்க் காலியாக இருந்த பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சொல்லு. என்ன செய்யணும்?"

அவளிடம் வேலை சொல்லாமல் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அவள் கட்டைகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துக் காட்டினாள். வட்டம் போட்டவை ஒன்று முதல் ஒன்பது வரை. அவற்றுக்கு மைனி ஏற்கெனவே அப்பம் என்று பேர் வைத்திருந்தார். மூங்கில் போட்டவை ஒன்று முதல் ஒன்பது வரை. அதில் ஒன்றாம் மூங்கிலில் மூங்கிலுக்குப் பதில் ஒரு பறவை இருந்தது, அது ஏன் என்று அவளுக்கும் தெரியவில்லை. மூன்றாவது, சீன எழுத்தில் எண்கள். இவை போக நாலு திசைக் காற்று. கொண்டல், தென்றல், மேகாத்து, வாடை என்று அவற்றுக்குப் பேர் வைத்தோம். பிறகு சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று, ஒன்றுமே எழுதாத மொட்டைக் கட்டை ஒன்று. எல்லாவற்றிலும் நான்கு நான்கு. பூப் போட்ட சில கட்டைகளை, பழகும்வரை வேண்டாம் என்று பெட்டியிலேயே விட்டுவிட்டாள்.

ஆளுக்குப் பதின்மூன்று கட்டை. முறை வரும்போது சுவரிலிருந்து ஒன்றை எடுக்க வேண்டும், வேண்டாத ஒன்றை நடுவில் போட வேண்டும். மூன்று மூன்றாக நாலு கூட்டு, கூட ஒரு ஜோடி. அதை முதலில் சேர்த்தவர் ஜெயித்தவர். கூட்டு என்றால் ஒரே கட்டை மூன்று, அல்லது ஒரே குடும்பத்தில் வரிசையாக மூன்று. கேட்கும்போது இவ்வளவுதானா என்று இருந்தது.

நான் உட்கார்ந்த இடத்துக்கு அடுத்த முறை அவளுடையது. நான் முதன்முதலாகப் போட்ட கட்டையைப் பார்த்ததும் அவள் சத்தமாக, "சீ!" என்றாள்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. பாயிலிருந்து பாதி எழுந்துவிட்டேன்.

"யாரைப் பாத்துச் 'சீ'ங்குத? இந்த வீட்டுல வந்து உக்காந்து என்னையே சீங்குதியா?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. மைனி என் கையைப் பிடித்து இழுத்தார். "ஏட்டி, உக்காரு. அது அவுக பாஷை. நீ போட்ட கட்டையை வரிசைக்கு எடுத்துக்கிடுதேன்னு அர்த்தம். மூணு ஒண்ணு போல சேந்தாப் 'பொங்'குன்னு சொல்லணும். எனக்கும் மொத நாளு அப்படித்தான் இருந்துச்சு."

பத்தமடைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் உட்கார்ந்தேன். ஆனால் மனதுக்குள் ஒன்றை முடிவு செய்துவிட்டேன். ஆடி பிறப்பதற்குள் இவளை இவளுடைய ஆட்டத்திலேயே தோற்கடிக்க வேண்டும். அழகிலும் வயதிலும் முடியாது. இதில் முடியும்.

முடியவில்லை. எழுத்துக் கட்டை என்னைக் கொன்றது. ஒவ்வொன்றிலும் மேலே ஓர் எழுத்து, கீழே ஓர் எழுத்து இருக்கும். இரண்டு நாள் நான் கீழே உள்ளதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே என்று குழம்பினேன். "மேல பாருங்க லாத்தா. கீழ எல்லாத்துலயும் ஒண்ணுதான்" என்று அவள் சொன்னபோது கட்டையைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று சிரமமில்லை, படுத்த கோடுகள். நாலு, திரை போட்ட ஜன்னல். ஆறு, தொப்பி வைத்துக் கால் பரப்பி நிற்கிற ஆள். எட்டு, அதே ஆளின் கால் மட்டும். இப்படி எனக்குள் பேர் வைத்துக்கொண்டேன். காலையில் அடுப்படியில் இடித்த மாவைத் தட்டில் பரப்பி, அதில் விரலால் எழுதி எழுதி அழிப்பேன். ஒரு துண்டுக் காகிதத்தில் ஒவ்வொரு எழுத்தையும் வரைந்து, பக்கத்தில் அரபுத் தமிழில் எண்ணை எழுதி இடுப்பில் சொருகிக்கொண்டேன். ஆட்டத்தின் நடுவே தண்ணீர் குடிக்கப் போவதுபோலப் போய் அதைப் பார்ப்பேன்.

அப்படியும் ஒருநாள், "ஊ!" என்று கத்தினேன். ஜெயித்தால் அப்படித்தான் சொல்ல வேண்டும். கட்டைகளை மலர்த்திக் காட்டினேன். ஆறு என்று நான் நினைத்து வைத்திருந்தது எட்டு. அவசரத்தில் தொப்பியைப் பார்க்கவில்லை. பத்தமடைக்காரி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மைனிகூடச் சிரித்தார். பினாங்குக்காரி சிரிக்கவில்லை. குனிந்து கட்டைகளைக் கலைத்தாள். அதுதான் எனக்கு மிகவும் அவமானமாக இருந்தது.

பத்தமடைக்காரி எங்கள் மூவரில் முதலில் ஜெயித்தாள். அவள் கட்டையைப் பார்ப்பதுகூட இல்லை. சுவரிலிருந்து எடுக்கும்போதே பெருவிரலால் தடவிப் பார்த்து, "இது ஏழாம் மூங்கிலு" என்று வேண்டாததை மலர்த்தி நடுவில் வீசுவாள். கோரை கீறிய விரல். அதற்கு அப்புறம் மைனி ஜெயித்தார். "பொங்கிட்டேன், பொங்கிட்டேன்" என்று சொல்லிச் சொல்லியே மூன்று கூட்டுச் சேர்த்து ஜெயித்தார். தை போயிற்று, மாசி போயிற்று. நான் மட்டும் ஜெயிக்கவில்லை.

பங்குனியில் ஒருநாள் மைனி என்னை அடுப்படியில் தனியாகப் பிடித்துக்கொண்டார்.

"நீ ஏன் தோக்குதேன்னு ஒனக்குத் தெரியுமா?"

"எழுத்து இன்னும் பிடிபடலை, மைனி."

"எழுத்தெல்லாம் ஒனக்குப் பிடிபட்டாச்சு. நீ ஒன் கட்டையப் பாக்கிறதே இல்ல. அவளுக்கு என்ன வேணும், அது கெடைக்காம எப்படித் தடுக்கலாம்னு அவ கையவே பாத்துக்கிட்டு இருக்க. அவளுக்கு வேணும்ங்கிறதுக்காக ஒனக்கு வேண்டாததையெல்லாம் கையில வச்சிருக்க. பொறவு எங்கன இருந்து கூட்டுச் சேரும்?"

நான் மாவை இடித்தேன். மைனி சொன்னது ஆட்டத்தைப் பற்றி மட்டும்தான். மைனிக்கு ஜாடையாகப் பேச வராது. ஆனால் அன்று முழுக்க அது எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு என் கட்டைகளைப் பார்த்து ஆட ஆரம்பித்தேன். பெரிய பெரிய கூட்டுக்கு ஆசைப்பட்டுக் காற்றுக் கட்டைகளைக் கடைசிவரை வைத்திருக்கும் பழக்கத்தை விட்டேன். ஒரு வாரம் கழித்து என் கையில் மூன்று கூட்டும் ஜோடியும் சேர்ந்துவிட்டன. நாலாம் மூங்கிலும் ஆறாம் மூங்கிலும் இருக்கின்றன, நடுவில் ஐந்து மட்டும் வந்தால் போதும். பினாங்குக்காரியின் முறை வந்தது. ஒரு கட்டையை எடுத்தாள், யோசித்தாள், ஐந்தாம் மூங்கிலைப் போட்டாள்.

"ஊ!"

இந்தத் தடவை சரியாக இருந்தது. மைனி இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். பத்தமடைக்காரி என் முதுகில் ஓர் அடி போட்டாள். நான் சிரித்துக்கொண்டே கட்டைகளைக் கலைக்கக் கை நீட்டினேன். அப்போது பினாங்குக்காரியின் கட்டைகள் கண்ணில் பட்டன. அவள் எப்போதும் கட்டைகளை இடைவெளி இல்லாமல் ஒட்டி நிறுத்துவாள். இப்போது வரிசைக்கு நடுவில் ஒரு கட்டை அகலத்துக்கு இடைவெளி இருந்தது. அவள் அவசரமாகக் கவிழ்க்கப் போனாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கட்டைகளை என் பக்கம் திருப்பினேன். இடைவெளிக்கு இந்தப் பக்கம் நாலாம் மூங்கில், அந்தப் பக்கம் ஆறாம் மூங்கில். சேர்ந்திருந்த கூட்டை உடைத்து ஐந்தை எனக்குப் போட்டிருக்கிறாள். அது மட்டுமில்லை, ஐந்தை வைத்திருந்தால் அவளும் ஜெயிக்க இன்னும் ஒரே ஒரு கட்டைதான் பாக்கி.

"வேணும்னே போட்டியா?"

அவள் மணிக்கட்டை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

"கேக்குதேன்ல. வேணும்னே போட்டியா?"

"ஆமா."

"எனக்குப் பிச்சை போடுதியா? ஏன் போட்ட?"

அவள் பாயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். இடம் மாறி விழும் அவளுடைய தமிழ் அன்றைக்குச் சரியாக வந்து விழுந்தது.

"நீங்க ஒரு தடவை ஜெயிச்சா உங்க கோபம் போயிடும். கோபம் போனா என்னை இங்க இருக்க விடுவீங்க. எனக்கு இந்த ஊருல போறதுக்கு வேற வீடு இல்ல."

பத்தமடைக்காரி பைய எழுந்து கொல்லை வாசல் வழியாகப் போய்விட்டாள். மைனி அஸர் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளுச் செய்யக் கிளம்பினார். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நான்கு மாதமாக ஆட்டத்தில் இவளை எப்படி வெல்வது என்று நான் யோசித்திருக்கிறேன். அந்த நான்கு மாதமும் அவள் ஒவ்வொரு நாளும், இன்றைக்கு வெளியே போகச் சொல்லிவிடுவாளோ என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அவள் நெல் குத்தியதும் விறகு அடுக்கியதும் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. வெட்கமாக இருந்தது. அதே நேரம் கோபமும் போகவில்லை. என் முதல் வெற்றியை இவள் கெடுத்துவிட்டாளே என்ற கோபம்.

மறுநாள் லுஹர் முடிந்ததும் நான்தான் முதலில் போய்ப் பாயை விரித்தேன். அவள் அறைக்கதவைத் தட்டி, அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அந்தப் பேரை என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் வெளியே வந்து நின்றாள்.

"இந்தா பாரு. இந்த வீட்டை விட்டுப் போன்னு ஒன்னைச் சொல்ல மாட்டேன். சண்டை ஓஞ்சாலும் சொல்ல மாட்டேன். மைனி சாட்சி. ஆனா இனி ஒரு கட்டை அப்படிப் போட்டியோ, ஒங்கூடப் பாயில உக்காரவே மாட்டேன். ஒனக்குத் தெரிஞ்ச மட்டும் ஆடு. என்னைத் தோக்கடி."

"தோப்பீங்க லாத்தா" என்றாள்.

"தோத்தாத் தோக்குதேன்."

அப்புறம்தான் அவள் எப்படி ஆடுவாள் என்பதே எங்களுக்குத் தெரிந்தது. அதுவரை எங்களுக்காக மெதுவாக ஆடியிருக்கிறாள். சித்திரை, வைகாசி முழுக்க எங்களை மூச்சு விடவிடவில்லை. நாங்கள் இரண்டு கூட்டுச் சேர்ப்பதற்குள் அவள் கட்டைகளை மலர்த்திவிடுவாள். நடுவில் கிடக்கும் கட்டைகளை வைத்தே மற்றவர் கையில் என்ன இருக்கும் என்று சொல்லிவிடுவாள். நான் தோற்ற ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் அவளைக் கேட்டேன். எங்கே தப்பு, எந்தக் கட்டையைப் போட்டிருக்கக் கூடாது, ஏன். அவள் கட்டைகளைத் திரும்ப நிறுத்திக் காட்டுவாள். கேட்பது எனக்குக் குறைச்சலாகத் தோன்றவில்லை. நடுநடுவே அவள் என் துண்டுக் காகிதத்தைப் பார்த்து, எண்களுக்குப் பக்கத்தில் இருந்த அரபுத் தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிக்கொண்டாள். அவள் குர்ஆன் ஓதியவள்தான், ஆனால் அந்த எழுத்தில் தமிழும் எழுதலாம் என்பது அவளுக்குப் புதிது.

ஆனி கடைசியில் மேகாத்து வீச ஆரம்பித்தது. முற்றத்துத் தூசியெல்லாம் பாயில் வந்து விழும். அப்படி ஒருநாள் நான் ஜெயித்தேன். எனக்கு வேண்டியிருந்தது எழுத்தில் எட்டு அல்லது ஐந்து. ஐந்தில் மூன்று கட்டை ஏற்கெனவே நடுவில் போய்விட்டன. எட்டை யாரும் போடவில்லை. சுவரில் கொஞ்சம் கட்டைகள்தான் மிச்சம். என் முறைக்கு ஒன்றை எடுத்து, பத்தமடைக்காரி மாதிரிப் பெருவிரலால் தடவினேன். மேலே தொப்பி இல்லை. இரண்டு கால் மட்டும். நானே சுவரிலிருந்து எடுத்தது. யாரும் எனக்குப் போடவில்லை.

பார்க்காமலே, "ஊ!" என்று சொல்லி மலர்த்தினேன்.

மைனி எண்ணினார். சரியாக இருந்தது. பினாங்குக்காரி என் கட்டைகளையும் தன்னுடையதையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தொடையில் பளீரென்று அடித்துக்கொண்டு, "அய்யோ, நான் அடுத்த கையில முடிச்சிருப்பேனே!" என்றாள். உண்மையாகவே முகம் சுருங்கிவிட்டது. அந்தச் சுருக்கம்தான் எனக்கு வேண்டியிருந்தது. கலகலவென்று சிரித்தேன். அவளும் கொஞ்ச நேரம் பொறுத்துச் சிரித்தாள்.

சண்டை நான்கு வருஷம் நீடித்தது. பினாங்கிலிருந்து கடிதம் வருவது அரிதாயிற்று, பணம் வருவது அதைவிட அரிதாயிற்று. வயல் குத்தகை நெல்லை வைத்து மூன்று பேரும் சமாளித்தோம். ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. ஒருவர் ஜெயித்தால் மறுநாள் இன்னொருவர். அந்த வருஷங்களில் அவளும் நானும் சண்டை போடவில்லை என்று சொல்லமாட்டேன். நிறையப் போட்டோம். ஆனால் அவள் பதிலுக்குப் பதில் பேசினாள்.

சண்டை ஓய்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிற சமயத்தில் என் மாப்பிள்ளை வந்தார். மத்தியானம். நாங்கள் நால்வரும் பாயில் இருந்தோம். வாசலில் செருமல் கேட்டதும் பத்தமடைக்காரி முக்காட்டை இழுத்துக்கொண்டு கொல்லைப்புறம் ஓடினாள். அவர் நடையில் நின்று எங்களைப் பார்த்தார். தலை பாதி நரைத்திருந்தது. முகத்தில் அப்படி ஓர் ஆறுதல்.

"ரெண்டு பேரும் இப்படி ஒத்துமையா இருக்கியளே! நான் என்ன ஆயிருக்குமோ, ஏது ஆயிருக்குமோன்னு பயந்துக்கிட்டே வந்தேன்" என்றார்.

"கப்பல் ஓட ஆரம்பிச்சு எத்தனை மாசம் ஆச்சு?" என்றேன்.

அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார்.

"பயந்துதான் இத்தனை நாளும் வரலியா? நாங்க ஒருத்தியை ஒருத்தி கொன்னு தின்னு முடிச்ச பொறவு வரலாம்னு இருந்தியளா?"

மைனி தம்பி பக்கம் எழுந்து போகாமல் பாயிலேயே உட்கார்ந்திருந்தார். ஐந்து வருஷமாக நான் யார் மேலோ வைத்திருந்த கோபத்தை அன்றைக்கு உரியவரிடம் சொன்னேன். எனக்குத் தெரியாமல் நிக்காஹ் செய்தது, ஒரு வார்த்தை முன்னால் சொல்லாமல் அவளை மழையில் அனுப்பியது, என் குணம் தெரியும் என்று எழுதியது, எல்லாம். சத்தம் போடவில்லை. அவர் நின்றபடியே கேட்டார். கடைசியில், "தப்புத்தான்" என்றார். அதற்கு மேல் அவரிடம் எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

அவர் மூன்று மாதம் இருந்தார். ஆட்டத்தை எட்டிப் பார்த்து, "அதைப் போடு, இதைப் போடாதே" என்று ஒருநாள் சொல்லப் போய், அவருக்கு ஒன்றாம் மூங்கிலுக்கும் ஒன்பதாம் மூங்கிலுக்கும் வித்தியாசம் தெரியாது என்று தெரிந்தது. பினாங்கில் இத்தனை வருஷம் இருந்தவர். நாங்கள் சிரித்ததில் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்.

திரும்பும்போது அவளும் போக வேண்டியதாயிற்று. அவளுடைய உம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்திருந்தது. என்னையும் கூப்பிட்டார். நான் மைனியையும் வயலையும் விட்டு வரவில்லை என்றேன். பெட்டியை இங்கேயே விட்டுப் போகிறேன் என்று அவள் சொன்னாள். எடுத்துக்கொண்டு போ, போனதும் எங்களுக்குப் புதிதாக ஒன்று வாங்கி அனுப்பு என்றேன். அனுப்பினாள். நாலாவது பக்கத்துக்கு லெப்பை வீட்டம்மாவே வந்து உட்கார்ந்தார்.

அவளிடமிருந்து முதல் கடிதம் அரபுத் தமிழில் வந்தது. எழுத்துகள் கோணல் மாணல். உம்மாவுக்குப் பரவாயில்லை, உடன்குடிக் கருப்பட்டி கொஞ்சம் யார் கையிலாவது கொடுத்து விடுங்கள், இப்போது அங்கே அதிகமாக ஜெயிக்கிறது யார் என்று கேட்டிருந்தாள். நானும் உட்கார்ந்து பதில் எழுதினேன். கருப்பட்டி வருகிறது என்று எழுதினேன். ஜெயிக்கிறது பத்தமடைக்காரிதான் என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். அடுத்த கடிதம் போவதற்குள் அதை மாற்றிவிட வேண்டும் என்று, கடிதத்தை மடித்து வைத்துவிட்டு நேரே போய்ப் பாயில் உட்கார்ந்தேன்.